சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம்

போன வாரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் பட்ட பாட்டையெல்லாம் எழுதியிருந்தேன். அதைப் படித்த என் தங்கை, ஊரில் உள்ள வம்பையெல்லாம் எழுதுகிறாயே, ஆரணியில் நீ குடியிருந்த வீட்டைப் பற்றி மட்டும் ஏன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாய் என்று கேட்டாள். எழுதக் கூடாது என்றில்லை. எழுத உட்கார்ந்தால் அந்த மத்தியானம் வந்து முன்னால் நின்றுகொள்கிறது, பேனா நகர மாட்டேன் என்கிறது. இன்றைக்கு எப்படியாவது எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஐப்பசிக் கடைசியாக இருக்கலாம், கார்த்திகை பிறந்திருந்தாலும் இருக்கலாம். விடாத மழை. காலை ஷிப்ட் முடித்து வந்து ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். சேத்துப்பட்டு எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண், தேவிகாபுரம் போகிற பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள் என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். அந்த ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில்தான் என் அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். அந்தக் கவலையில் இருந்தேன்.

அப்போது தூரத்தில் தண்டோராச் சத்தம் கேட்டது.

நனைந்த தோல் ஆனதால் பறை கணீரென்று இல்லை. தொப் தொப்பென்று அடி விழுந்தது. சத்தம் நெருங்கி வந்தது. தெருமுனையில், சரியாக என் அறைச் சுவரோரம், நின்றது. மேலே பெரிய ஏரி உடைந்துவிட்டது, ஆற்றில் வெள்ளம் வருகிறது, பள்ளத்தில் இருக்கிறவர்கள் எல்லாரும் உடனே மேட்டுக்குப் போக வேண்டும் என்று ஒரு குரல் கத்தியது. மழையில் அந்தக் குரல் என் ஜன்னலைத் தாண்டிப் போயிருக்காது.

எட்டிப் பார்த்தேன். தண்டோரா போடும் முனுசாமி அண்ணன் பறையின் மேல் ஒரு யூரியாப் பையை இழுத்து மூடினார். குச்சிகளை இடுப்பில் செருகினார். தலையைக் குனிந்துகொண்டு எங்கள் தெருவுக்குள் நடந்தார்.

இரண்டு பக்கமும் வீடுகள். வாசல்களில் சாக்குப் படுதா. அவர் எந்தப் பக்கமும் திரும்பவில்லை, வாயைத் திறக்கவில்லை. ஊரிலேயே ஆற்றுக்கு மிகவும் தாழ்ந்த தெரு அது. அதன் நடுவில் அந்த மனிதர் வெள்ளச் சேதியை வாய்க்குள் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நடந்து போனார். கொஞ்ச நேரம் கழித்து, தெருவின் அந்தக் கடைசிக்கும் அப்பால், பறை மறுபடியும் கேட்டது.

அவர் ஏன் அப்படிப் போனார் என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிய வேண்டுமானால் சுண்ணாம்புக் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கோடு வந்த கதை

நான் வேலைக்குச் சேர்ந்து ஆரணிக்கு வந்தது டில்லியில் ஆட்சி மாறியிருந்த சமயம். கல்யாணமாகாத பெண்ணுக்கு, அதுவும் ஷிப்ட் வேலை பார்க்கிற பெண்ணுக்கு, யார் வீடு கொடுப்பார்கள்? ஜமீலாம்மா கொடுத்தார்கள். கணவர் காலமாகிவிட்டார். மகள் நஸ்ரினை அதே தெருவில், பள்ளத்துப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வீட்டில் தனியாக இருந்தவர்களுக்கு நான் துணை, எனக்கு அவர்கள் துணை. முன்னறை என்னுடையது, பின்கட்டு அவர்களுடையது. தங்கள் ஆட்களோடு உருது, என்னோடு தமிழ்.

அந்தத் தெரு முழுக்க முஸ்லிம் வீடுகள். சுற்றியுள்ள தெருக்களில் தறிகள். ஆனால் நெசவாளர்களுக்கும் அந்தத் தெருதான் வேண்டும். வளைவில்லாத நீளத் தெரு என்பதால், தறியில் ஏற்ற வேண்டிய நீளவாட்டுப் பட்டு நூலை, பாவு என்பார்கள், விடிந்ததும் அங்கேதான் கொண்டுவந்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்துக் கட்டிச் சீர் செய்வார்கள். வாசல் தெளிக்கிற மாதிரி அது தினசரி நடக்கிற காரியம். பாவின் அடியில் குனிந்து போகத் தெரியாத பிள்ளை அந்தத் தெருவில் கிடையாது.

ஒரு வருஷம் சாமி ஊர்வலம் அந்தி வேளையில் பள்ளிவாசலுக்கு நேராக வந்தது. உள்ளே தொழுகை. வெளியே மேளம். நிறுத்து என்று ஒருவர் சொல்ல, ஏன் என்று ஒருவர் கேட்க, கல் பறந்தது. யார் எறிந்த கல் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஒரு நெசவாளர் வீட்டுப் பையனுக்குக் கண் போயிற்று. மறுநாள் காலை பார்த்தால், தெருவில் கட்டியிருந்த பாவு நடுவில் அறுந்து கிடந்தது. அதற்குப் பிறகு கடைகள் திறக்கவில்லை. நான் போலீஸ் ஜீப்பில் வேலைக்குப் போய் வந்தேன்.

வேலூரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அரிசி ஆலை ஒன்றின் களத்தில் பாயை விரித்து இரண்டு பக்கத்து ஆட்களையும் உட்கார வைத்தார். அங்கே எழுந்து பேசியவர் தையல்கார சத்தார் பாய்.

எங்கோ கிழக்கே, பிலிப்பைன்ஸ் நாட்டின் தெற்குத் தீவுகளில், எங்களை மாதிரி எண்ணிக்கையில் குறைந்த முஸ்லிம்கள் இருக்கிறார்கள், பல வருஷச் சண்டைக்குப் பிறகு அவர்களுடைய பகுதியை அவர்களே பார்த்துக்கொள்ளலாம் என்று அரசாங்கம் ஒப்பந்தம் போட்டிருக்கிறது, ரேடியோவில் கேட்டேன் என்றார். ஒரு நாடே தீவுகளைக் கொடுக்கிறது, நாங்கள் கேட்பது ஒரு தெரு என்றார். களத்தில் சிரிப்பு எழுந்தது. அதிகாரி சிரிக்கவில்லை. அவருக்கு அன்று சாயங்காலத்துக்குள் சமாதானம் வேண்டும்.

அப்படித்தான் ஒப்பந்தம் ஆயிற்று. தெருவின் இரண்டு முனையிலும் சுண்ணாம்புக் கோடு. கோட்டுக்குள் மேளதாளம் கூடாது. கோட்டுக்குள் நடக்கிற தகராறை அந்தத் தெருக்காரர்கள் ஐந்து பேர் தீர்த்துக்கொள்வார்கள். ஊர் அறிவிப்பு எதுவானாலும் அந்த ஐவரிடம் சொல்ல வேண்டும், அவர்கள் வீடுவீடாகச் சொல்வார்கள். இவ்வளவுதான். ஐவரில் முதல் ஆள் சத்தார் பாய்.

நகராட்சி ஆள் வாளியோடு வந்து கோடு போட்டான். ரோட்டில் ஆரம்பித்து எங்கள் வீட்டுச் சுவரில் ஏறி, என் ஜன்னலுக்கும் ஜமீலாம்மாவின் பக்கவாசலுக்கும் நடுவில் கொண்டுபோய் முடித்தான். என் கட்டில் ஊரில், அவர்களுடைய அடுப்பு தெருவில். அந்தத் தெருவுக்குத் ‘தீவு’ என்று ஊர் பெயர் வைத்தது. ஜமீலாம்மாவும் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிப்பார்கள். தீவிலிருந்து டீ வந்திருக்கிறது என்று டம்ளரை நீட்டுவார்கள்.

சத்தம் போன விதம்

முதல் வருஷம் மேளம் மட்டும்தான் நின்றது. அதுதானே பேச்சு.

பிறகு என்ன நடந்தது என்று ஒழுங்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. யாரும் உத்தரவு போடவில்லை. கீரைக்காரப் பச்சையம்மா கோடு வரைக்கும் கூவிக்கொண்டு வருவாள். கோட்டருகே வாயை மூடிக்கொள்வாள். கூடையைச் சுமந்து தெரு முழுக்க ஊமையாக நடந்து, அந்தக் கோட்டைத் தாண்டினதும் விட்ட இடத்திலிருந்து கூவுவாள். இந்தப் பக்கம் கூவினவள் ஒருத்தி, அந்தப் பக்கம் கூவுகிறவள் வேறொருத்தி என்று எனக்குத் தோன்றும். கீரை வேண்டுமென்கிற பெண்கள் படுதாவுக்குப் பின்னால் நின்று அவள் வருகிறாளா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

சைக்கிள்காரர்கள் மணி அடிப்பதை நிறுத்தினார்கள். அப்புறம் கோட்டருகே இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். தபால்காரர் கூப்பிடாமல் கடிதத்தைப் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போனார். பாவு கட்ட யாரும் வரவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு விளையாட்டே கண்டுபிடித்துவிட்டார்கள். இந்தக் கோட்டில் மூச்சைப் பிடித்தால் அந்தக் கோட்டில்தான் விட வேண்டும். கன்னம் உப்ப, கண் பிதுங்க, என் ஜன்னலுக்குக் கீழே வரிசையாக ஓடுவார்கள். அந்தப் பிஞ்சு முகங்களைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும்.

நாள் முழுக்கக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்பதுதான் என் தொழில். லைனில் எதிர்முனை செத்துப்போனால் ஒரு வெறுமை கேட்கும். வீட்டுக்கு வந்தால் அதே வெறுமை தெருவில் கேட்டது. உச்சி வெயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், கடைசி வீட்டில் சத்தார் பாயின் தையல் மிஷின் ஊசி இறங்குவது என் காதுக்கு வரும்.

வருஷா வருஷம் சாமி ஊர்வலம் வந்தது. வராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோட்டருகே மேளம் நின்றுவிடும். நாயனக்காரர் வாத்தியத்தைத் துணியில் சுற்றிக்கொள்வார். பிறகு பெட்ரோமாக்ஸ் விளக்குகளின் ‘உஸ்’ஸென்ற இரைச்சலும், தூக்குகிறவர்களின் காலடியும் மட்டும். பூவாசனை ஜன்னல் வழியே உள்ளே வரும். எங்கள் பக்கம் பிணம் போனால்கூடப் பறை உண்டு. சாமி இப்படிப் போய் நான் கண்டதில்லை. படுதாக்களுக்குப் பின்னால் அத்தனை பேர் நிற்பது தெரியும், ஒருவர் இருமுவதுகூடக் கேட்காது.

ஒருநாள் பொறுக்காமல் ஜமீலாம்மாவிடம் கேட்டேன். மேளம் வேண்டாமென்றுதானே கேட்டீர்கள், கீரைக்காரி கூவக் கூடாதென்றா கேட்டீர்கள், போய்ச் சொல்லக் கூடாதா என்றேன்.

“நாங்களா போயி சத்தம் போடுங்கன்னு சொன்னா, வாங்கினத திருப்பிக் குடுத்த மாதிரி ஆயிடாதா எஸ்தரு? அவுங்கதான் எங்கள ஒதுக்கி வச்சிகினு இருக்கறாங்க. அவுங்க வந்து கேக்கட்டும்” என்றார்கள்.

எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில் தறி வைத்திருந்த ஒருவரிடம் இதையே கேட்டேன். அந்தத் தெருக்காரர்களுக்கு நம் சத்தமே பிடிக்கவில்லை, எதற்கு வம்பு என்று பேச்சை முடித்துக்கொண்டார். இரண்டு பக்கமும் மரியாதை என்று நினைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் சாகடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வாடகைக்கு இருக்கிறவள், மூன்றாவது மதத்துக்காரி, நான் என்ன சொல்லி யார் கேட்பது?

சத்தார் பாயின் ரேடியோ

சத்தார் பாய் ஒல்லியான நெட்டை மனிதர். தெருவின் கடைசி வீடு, ஆற்றங்கரையை ஒட்டியது. வாசலில் மிஷினைப் போட்டுக்கொண்டு தைப்பார். மிஷின் பலகையில் ரேடியோ. மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. என் ரவிக்கைகளை எல்லாம் அளவு ரவிக்கையைப் பார்த்து அவர்தான் தைத்தார். கழுத்தை மட்டும் எப்போதும் நான் சொன்னதைவிட ஒரு விரற்கடை ஏற்றித் தைத்துவிடுவார். கேட்டால், உன் அப்பா வாத்தியார் அல்லவா என்பார்.

டெலிபோனில் வேலை பார்க்கிறவளுக்கு உலகச் சேதியெல்லாம் தெரியும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. அந்தத் தீவுகளைப் பற்றி ஏதாவது காதில் விழுந்ததா என்று விசாரிப்பார். சேத்துப்பட்டுக்கும் போளூருக்கும் லைன் போட்டுக் கொடுப்பதே எனக்குப் பேஜார், கடல் தாண்டி எங்கே கேட்பேன்?

பிறகு ஒரு நாள் அவரே சொன்னார். அங்கே ஒப்பந்தம் நிற்கவில்லையாம். கையெழுத்துப் போட்ட இரண்டு தரப்பும் ஆளுக்கொரு விதமாக அர்த்தம் சொல்கிறார்களாம், மறுபடியும் துப்பாக்கியாம். ஊசியில் நூல் கோத்துக்கொண்டேதான் சொன்னார். நூல் ஏறவே இல்லை.

அதன் பிறகு அவர் தீவுகளைப் பற்றிப் பேசியதில்லை. அந்தியானால் மிஷினை உள்ளே இழுத்து, கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்துவிடுகிறார் என்று நஸ்ரின் சொன்னாள். அவ்வளவு கனமான இரும்பு மிஷினைத் தனி ஆளாக இழுப்பார்.

இன்னொன்றும் செய்திருந்தார். பள்ளிவாசலில் ஆண்களிடம் சொல்லி வைத்திருந்தார்: கோட்டுக்குள் பறைச் சத்தம் கேட்டால் ஒப்பந்தம் முறிந்தது என்று அர்த்தம், கேட்டவுடன் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு உள்ளே இருங்கள், யார் கூப்பிட்டாலும் திறக்காதீர்கள். ஆண்கள் வீட்டுக்கு வந்து பெண்களிடம் சொன்னார்கள். எங்கள் வீட்டில் வந்து சொல்ல ஆண் இல்லை. எனக்கும் ஜமீலாம்மாவுக்கும் இது அந்த மத்தியானத்துக்குப் பிறகுதான் தெரியும்.

அந்த மத்தியானம்

பின்கட்டுக்கு ஓடி விஷயத்தைச் சொன்னேன். ஜமீலாம்மா முறத்தைப் போட்டுவிட்டு எழுந்தார்கள். பள்ளத்து வீட்டில் நஸ்ரின், பிள்ளை பெற்று நாற்பது நாள்கூட ஆகவில்லை. கைக்குழந்தை.

நான் மழையில் ஓடி அடுத்த தெருவில் முனுசாமி அண்ணனைப் பிடித்தேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். சத்தார் பாயின் வீட்டைத் தட்டிப் பார்த்தாராம், பதில் இல்லையாம், மற்றத் தெருக்களை முடித்துவிட்டுத் திரும்பி வரலாமென்று இருந்தாராம்.

“உள்ள அடிக்கிறதுன்னா சொல்றவங்க சொல்லணும்மா. நானா அடிச்சா நாளைக்கு ரெண்டு பக்கமும் வெட்டிக்குவாங்க” என்றார். யூரியாப் பையை மறுபடியும் பறையின் மேல் இழுத்து மூடிக்கொண்டார்.

ஜமீலாம்மா அதற்குள் கோட்டருகே வந்து நின்றிருந்தார்கள். பர்தா இல்லை. புடவைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துப் பிடித்திருந்தார்கள். அவர்கள் அப்படித் தெருவில் நின்று நான் பார்த்ததே இல்லை.

“நான் சொல்றன். என் தெரு இது. அடி” என்றார்கள்.

முனுசாமி அண்ணன் யூரியாப் பையை எடுத்துவிட்டு அடித்தார்.

அத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தச் சுவர்களுக்கு நடுவில் பறை. ஒரு அடி அடித்தால் நான்கு அடியாகத் திரும்பி வந்தது. அவர் கூவின சேதி அந்த எதிரொலியிலும் மழையிலும் கரைந்து போயிற்று. நாங்கள் மூன்று பேரும் நடந்தோம். எல்லாரும் வெளியே ஓடி வருவார்கள் என்று நான் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

ஒரு கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது. அடுத்தது மூடியது. எதிர்ச்சாரியில் ஒன்று. நாங்கள் போகப் போக, எங்களுக்கு முன்னால் முன்னால் கதவுகள் மூடிக்கொண்டே போயின. ஒரு முகம் தெரியவில்லை. உள்ளே எங்கேயோ ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது, அதன் வாயை யாரோ பொத்தினார்கள். கடைசியில் தெருவே எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. என் கணுக்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வெறும் மழைத் தண்ணீர் என்றால் அதில் வயல் வைக்கோல் மிதந்து வராது. இதில் மிதந்தது.

“நிறுத்து, நிறுத்து” என்றார்கள் ஜமீலாம்மா. அவர்களுக்கு எப்படியோ புரிந்துவிட்டது.

பறை நின்றது. அவர்கள் முதல் கதவில் இரண்டு உள்ளங்கைகளாலும் அறைந்து, உருதுவில், அந்த வீட்டுப் பெண்ணை அவளுடைய செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான்தான் ஜமீலா, தண்ணீர் வருகிறது, சண்டை இல்லை, தண்ணீர். கதவு ஒரு விரல் அளவு திறந்தது. அப்புறம் முழுக்கத் திறந்தது. திறந்த வீட்டுக்காரி அடுத்த வீட்டைத் தட்டினாள்.

எதிர்ச்சாரியை நான் எடுத்துக்கொண்டேன். என் தமிழுக்குக் கதவு திறக்கவில்லை. டெலிபோன் எஸ்தர் வந்திருக்கிறேன் என்று கத்தின பிறகு திறந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் வெளியூரிலிருந்து பேசினால் ஆளனுப்பிக் கூப்பிடுகிறவள் நான்தானே. கிழவர்களைத் தூக்கிக்கொண்டு, ஆடுகளை இழுத்துக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடினார்கள். நஸ்ரின் கதவைத் திறந்ததும் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது.

முனுசாமி அண்ணன் எங்களுக்காகக் காத்திராமல் கடைசி வீட்டுக்குப் போனார். அங்கே நடந்ததை அவர் பிறகு என்னிடம் சொன்னார். பல வருஷம் கழித்துக் கேட்டபோதும் ஒரு வார்த்தை மாற்றாமல் அதையே சொன்னார்.

“உள்ள இருந்து பேசினாரும்மா. கோவமாக்கூட பேசல. ஒப்பந்தம் இருக்குதுப்பா, அஞ்சு பேர கூப்புடு, ஒக்காந்து பேசலாம், இப்ப போயிடுன்னாரு. தண்ணி வருது பாய், தண்ணி வருது பாய்னு கத்தறன். ஜன்னல் சந்துல பாத்தாரு. என் மூஞ்சியப் பாக்கலம்மா. கழுத்துல தொங்கிகினு இருந்துச்சே, அதத்தான் பாத்தாரு.”

ஆறு வந்த சத்தத்தை நான் மேட்டில் நின்று கேட்டேன். இரைச்சலாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. நிறையப் பேர் பேசாமல் நடந்து வருகிற சத்தம் மாதிரி இருந்தது. முனுசாமி அண்ணன் ஒரு வேப்பமரத்தைப் பிடித்துத் தப்பினார். பறை போய்விட்டது.

அப்புறம்

தண்ணீர் வடிந்ததும் கதவை உடைத்துத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. மிஷின் கதவோடு ஒட்டி நின்றிருந்தது. அந்தத் தெருவில் உயிர் போனது சத்தார் பாய் ஒருவருக்குத்தான்.

அவரை அடக்கம் செய்ய எடுத்துப் போனபோது பள்ளிவாசல் வரைக்கும் நெசவாளர்கள் நடந்து வந்தார்கள். மண்வெட்டியும் கூடையுமாக மறுநாளும் வந்தார்கள். சேறு அள்ளிக்கொண்டே இரண்டு பக்கத்து ஆட்களும் முதல் முறையாக அந்தப் பேச்சைப் பேசினார்கள். நீங்கள்தான் எங்களை ஒதுக்கினீர்கள், இல்லை நீங்கள்தான் சத்தம் வேண்டாமென்றீர்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அழுவதா, எல்லாரையும் நன்றாகத் திட்டுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

ரோட்டில் கோடு கரைந்து போயிருந்தது. என் சுவரில் ஒரு வெள்ளைக் கறை மட்டும் மிச்சம். மறுபடி போட யாரும் வாளி கொண்டுவரவில்லை. ஐவரில் மிச்சமிருந்த நால்வரும் தாங்களாகவே ஊராரிடம் போய்ச் சொன்னார்கள்: தொழுகை நேரத்தை மட்டும் விட்டுவிடுங்கள், மற்ற நேரம் அடித்துக்கொண்டு வாருங்கள். அது சரிதான் என்று ஊரும் ஒப்புக்கொண்டது. கீரைக்காரி கூவத் தொடங்கினாள், முதலில் மெதுவாக. பாவும் வந்தது. பிள்ளைகள் மட்டும் கொஞ்ச நாள் பழக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள்.

அடுத்த ஊர்வலம் அந்தித் தொழுகை முடிந்த பிறகு வந்தது. முன்னால் புதுப் பறையோடு முனுசாமி அண்ணன். மேளம் என் சுவரைத் தாண்டி உள்ளே நுழைந்தது. தாழ்ப்பாள் சத்தம் கேட்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கேட்கவில்லை. படுதாக்களை ஒதுக்கிக்கொண்டு பெண்கள் வாசலுக்கே வந்தார்கள். நஸ்ரின் இடுப்பில் குழந்தை. நானும் ஜமீலாம்மாவும் கூட்டத்தோடு கடைசி வரைக்கும் போனோம்.

கடைசி வீட்டுக்கு முன்னால் பறை நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. முனுசாமி அண்ணனின் கை தானாக நின்றுவிட்டது, அதைப் பார்த்து மேளமும் நின்றது. பூட்டின கதவு. பெட்ரோமாக்ஸ் இரைச்சல். மறுபடியும் அதே பழைய மௌனம், அத்தனை ஜனத்துக்கு நடுவில். யாருக்கும் காலை எடுத்து வைக்க முடியவில்லை.

ஜமீலாம்மா படியேறிப் போனார்கள். கதவில் உள்ளங்கையை வைத்து, உள்ளே ஆள் இருப்பது போலத் தணிந்த குரலில் பேசினார்கள். எல்லாருக்கும் கேட்கட்டும் என்றோ என்னவோ, தமிழில்தான் பேசினார்கள்.

“பயப்படாதீங்க பாய். சாமி போவுது, அவ்ளோதான்.”

பிறகு திரும்பி முனுசாமி அண்ணனைப் பார்த்தார்கள்.

“அடி” என்றார்கள்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தார்.